வாகனத்தில் பூட்டும் ஏரியல்: செய்தி போய்ச்சேருவது ஏர்த்தில் தங்கியிருக்கிறது

போர்க்காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்கள் வெள்ளை நிற லாண்ட் குரூசர் வாகனங்களை மறந்திருக்கமாட்டார்கள். கதவில் நிறுவனத்தின் சின்னம், மேலே கொடி, பம்பரில் இருந்து எழும்பி பின்பக்கமாக வளைத்துக் கயிற்றால் கட்டப்பட்ட நீண்ட ஏரியல். கைத்தொலைபேசிக் கோபுரங்கள் இல்லாத ஒரு நிலப்பரப்பில் இருந்து வெளியுலகத்துக்குச் செய்தி கொண்டுசென்ற வழிகளில் அந்த ஏரியலும் ஒன்று. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று மக்கள் வாசலில் நின்று கேட்டார்கள். வாகனங்கள் போயின. அவற்றோடு அந்த ஏரியல்களும் போயின.

இன்று வடக்கில் அப்படியான ஏரியல்களை அதிகம் காணக்கூடிய இடம் கண்ணிவெடி அகற்றும் பணித்தளங்கள். முகமாலை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் போரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெண்களும் பலர். ஒரு வெடிப்பு நிகழ்ந்தால் காயப்பட்டவரை எவ்வளவு விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலாம் என்பது, பணித்தளத்தில் நிற்கும் வாகனத்தின் வானொலி செற் அந்த நேரத்தில் வேலை செய்கிறதா என்பதில் தங்கியிருக்கிறது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின்போதும் இதே பாடம்தான் கிடைத்தது. தொலைபேசிகள் செயலிழந்திருந்த வேளையில் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த ஆர்வலர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று, சிற்றலை செற் மூலம் கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினார்கள்.

காட்டுப்பாதையில் ஓடும் வாகனம் ஒன்றில் ஏரியலை எங்கே பூட்டுவது, அதற்கு ஏன் ஏர்த் தேவை, அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விலை கூடிய செற் வாங்கியும் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் கதைக்க முடியவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் பிழை செற்றில் இருப்பதில்லை. ஏரியலின் அடியில், பெயின்றுக்கும் போல்ற்றுக்கும் இடையில்தான் இருக்கிறது.

கேட்கும் ஏரியலும் அனுப்பும் ஏரியலும்

ஏரியல் என்பது எங்களுக்குப் புதிய பொருள் அல்ல. 1990களில் மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையால் பற்றறியும் கிடைக்காமல் இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். தமிழோசை தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காகச் செப்புக் கம்பியைப் பனையிலோ மாமரத்திலோ உயரக் கட்டியவர்களும் உண்டு. கம்பி எந்த நீளமாக இருந்தாலும் ஓரளவுக்குக் கேட்டது. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் கம்பியை நீட்டிப் பார்த்தோம்.

அனுப்பும் ஏரியலில் அந்தத் தாராளம் இல்லை. கேட்கும்போது ஏரியல் பிடிப்பது மிகமிகச் சிறிய சக்தி. அதில் பாதி வீணாகினாலும் செற்றின் உள்ளே அதைப் பெருக்கிக்கொள்ளலாம். அனுப்பும்போது 25, 50, 100 வாற்று சக்தி ஏரியலுக்குள் போகிறது. அதை ஏரியல் வெளியே விடாவிட்டால் ஒரு பகுதி செற்றுக்கே திரும்பி வரும். இன்னொரு பகுதி வயரிலும் இணைப்புகளிலும் வெப்பமாகிப் போகும். இதனால் ஒரு விசித்திரமான நிலைமை உருவாகலாம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் கதைப்பது வாகனத்தில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். வாகனத்தில் இருப்பவர் கதைப்பது எவருக்கும் கேட்காது. ஏரியல் இணைப்பில் பிழை இருக்கிறது என்பதற்கு இது முதல் அறிகுறி.

நீளம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

வாகனங்களில் பாவிக்கப்படும் சாதாரண ஏரியல், அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்கு நீளமானது. கணக்கு எளிது. 75 ஐ மெகா ஹேட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால் மீற்றரில் நீளம் வரும். 145 மெகா ஹேட்ஸ் என்றால் ஏறக்குறைய 52 சென்ரிமீற்றர். 27 மெகா ஹேட்ஸ் என்றால் 2.8 மீற்றர். 5 மெகா ஹேட்ஸ் என்றால் 15 மீற்றர்.

இதிலிருந்தே இரண்டு வகை ஏரியல்களையும் வேறுபடுத்திப் பார்க்கலாம். கூரையில் அரை மீற்றர் உயரத்தில் நிற்கும் மெல்லிய கம்பி வி.எச்.எப் செற்றுக்கு உரியது. அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலை. சமதரையில், 2 மீற்றர் உயர ஏரியல் உள்ள இரு வாகனங்களுக்கு இடையில் கணக்கின்படி 11, 12 கிலோமீற்றர்தான் எல்லை. இடையில் காடு இருந்தால் அதைவிடக் குறையும். மறுபக்கத்தில் 30 மீற்றர் கோபுரம் இருந்தால் அது 28 கிலோமீற்றர் வரை நீளும்.

பம்பரில் நிற்கும் நீண்ட, தடித்த ஏரியல் எச்.எப் எனப்படும் சிற்றலைக்கு உரியது. அது வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகும். ஆனால் 15 மீற்றர் கம்பியை வாகனத்தில் நிறுத்த முடியாது. எனவே 2, 3 மீற்றர் கம்பியோடு ஒரு கம்பிச்சுருளைச் சேர்த்து, நீளம் கூடியது போன்ற நிலையை உருவாக்குகிறார்கள். ஏரியலின் அடியில் அல்லது நடுவில் காணப்படும் தடித்த உருளைக்குள் இருப்பது அந்தச் சுருள்தான். சில வகைகளில் மீடிறனை மாற்றும்போது உள்ளே இருக்கும் மின்சுற்று தானாகவே சுருளின் அளவைச் சரிசெய்துகொள்ளும்.

ஏரியலின் மற்றப் பாதி வாகனம்தான்

பலருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். நாங்கள் கண்ணால் காணும் கம்பி ஏரியலின் பாதி மட்டுமே. மின்னோட்டம் கம்பியில் மேலே போகவேண்டுமானால், அதற்குச் சமனான மின்னோட்டம் இன்னொரு பக்கத்தில் ஓடவேண்டும். தாழ்ப்பதற்குத் துலாவின் மறுமுனை தேவைப்படுவது போல. வாகனத்தில் அந்த மறுமுனை, கூரை, பொனற், கதவு, சேசி என்று வாகனத்தின் முழு இரும்பு உடலும்தான்.

வீட்டு மின்சாரத்தில் ஏர்த் என்றால் மண்ணுக்குள் அடித்த கம்பி. வாகனத்தில் அப்படி இல்லை. வாகனம் நான்கு றப்பர் ரயர்களில் நிற்கிறது. சேசியில் இருந்து சங்கிலியைத் தொங்கவிட்டு நிலத்தில் இழுப்பதால் வானொலிக்கு எந்தப் பயனும் இல்லை. இங்கே ஏர்த் என்பது, ஏரியலின் அடிப்பாகமும் வாகனத்தின் உலோக உடலும் ஒன்றாக, தடையில்லாமல் இணைந்திருத்தல். சிற்றலையில் அந்த உலோக உடல் கீழே உள்ள நிலத்தோடு ஒரு பெரிய கொள்ளளவி போலச் செயற்பட்டு, நிலத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. உப்பு ஈரம் உள்ள கடற்கரை நிலத்தில் சிற்றலை நன்றாகப் போவதற்கும் காய்ந்த மணலில் குறைவதற்கும் காரணம் அதுவே.

இன்னொரு குழப்பமும் உண்டு. பற்றறியின் நெகற்றிவ் முனை சேசியில் பூட்டப்பட்டிருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. நேரோட்ட மின்சாரத்துக்கு நீண்ட மெல்லிய வயர் ஒன்றும் பாதையாக இருக்கும். வானொலி மீடிறனில் அதே வயர் சுருள் போல நடந்து மின்னோட்டத்தை மறிக்கும். அந்த மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பில்தான் ஓடும். ஆகவே உருண்டையான வயரைவிட, அகலமான, தட்டையான, குறுகிய செப்புப் பின்னல் நாடாதான் பொருத்தம். ஏர்த் நாடா எவ்வளவு குறுகியதாகவும் அகலமாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு சிறு கணக்கு

ஏர்த்தின் பெறுமதியைக் காட்ட ஒரு கணக்கு போதும். சிற்றலையில் 2.5 மீற்றர் ஏரியல், தேவையான நீளத்தைவிட மிகக் குட்டையானது. அலையாக வெளியே போகும் சக்தியைக் குறிக்கும் தடை 7 மெகா ஹேட்ஸில் ஏறக்குறைய 1 ஓம் அளவில்தான் இருக்கும். சுருளிலும் இணைப்புகளிலும் நிலத்திலும் வீணாகும் சக்தியைக் குறிக்கும் தடைகள் சேர்ந்து 9 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 ஓம். செற் 100 வாற்று கொடுத்தால் வெளியே போவது 10 வாற்று மட்டுமே. மிச்சம் 90 வாற்று வெப்பம்.

இப்போது இணைப்புகளைச் சுரண்டித் துப்பரவாக்கி, செப்பு நாடாக்களைப் பூட்டி, வீணாகும் தடையை 4 ஓமுக்குக் குறைத்தால், மொத்தம் 5 ஓம். வெளியே போவது 20 வாற்று. செற்றை மாற்றாமலே சக்தி இரண்டு மடங்காகிவிட்டது. 200 வாற்று செற் வாங்கியதற்குச் சமமான பயன், சில அடி செப்பு நாடாவிலும் ஒரு மணல்தாளிலும் கிடைத்திருக்கிறது.

எங்கே பூட்டுவது?

வி.எச்.எப் ஏரியலுக்கு மிகச் சிறந்த இடம் கூரையின் நடு. எல்லாப் பக்கமும் அரை மீற்றருக்குக் குறையாமல் தகடு இருப்பதால் அலை எல்லாத் திசைக்கும் சமமாகப் போகும். ஆனால் காட்டுப்பாதையில் பாலை, வீரைக் கிளைகள் முதலில் அடிப்பது கூரையில்தான். அதனால் பலர் மட்காட் ஓரத்தில், பொனற்றுக்குப் பக்கத்தில் பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டினால் அலை ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். எந்தப் பக்கத்தில் உலோகம் அதிகமாக இருக்கிறதோ அந்தப் பக்கம். முன் இடது மூலையில் பூட்டிய ஏரியல், பின் வலது மூலையை நோக்கிக் கூடுதலாக அனுப்பும். தொடர்பு மங்கலாக இருந்தால் வாகனத்தைத் திருப்பி நிறுத்திப் பார்ப்பது பயன் தருவது இதனால்தான்.

சிற்றலை ஏரியல் பாரம் கூடியது. அதை முன் பம்பரிலோ பின்பக்கச் சேசியிலோ பூட்டவேண்டும். கம்பி வாகனத்தின் உடலோடு ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. குறைந்தது ஒரு சாண் தூரமாவது விலகியிருக்கவேண்டும்; அதற்கு மேல் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு நல்லது. சுருள் உள்ள பகுதி தகட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தால் சக்தி தகட்டிலேயே வீணாகும். அடியில் தடித்த சுருள்வில் ஒன்றைச் சேர்த்தால் கிளையில் அடிபட்டாலும் ஏரியல் முறியாது. ஆனால் வில்லின் உள்ளே மேலையும் கீழையும் இணைக்கும் செப்பு நாடா இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

காந்தத்தால் ஒட்டும் ஏரியல்கள் தார்வீதிக்குச் சரி. கல்லும் குழியும் உள்ள பாதையில், ஒரு கிளை பட்டாலே அவை கழன்றுவிடும். பழைய லாண்ட் ரோவர் டிபென்டர் வாகனங்களின் உடற்தகடு அலுமினியம் என்பதால் அவற்றில் காந்தம் ஒட்டவே மாட்டாது. காந்த அடி தகட்டோடு நேரடியாக இணையாமல் பெயின்றுக்கு மேல் ஒரு கொள்ளளவி போலவே வேலை செய்வதால், சிற்றலைக்கு அது பொருத்தமும் அல்ல.

கூரை பைபர் கிளாசாகவோ கன்வசாகவோ இருந்தால், வி.எச்.எப் ஏரியலுக்கு அடியில் ஒரு மீற்றர் அளவான உலோகத் தகட்டை வைக்கலாம். அல்லது ஏர்த் தேவைப்படாத அரை அலைநீள ஏரியலைத் தெரிவுசெய்யலாம். கூரையே இல்லாத ரக்ரர்களில் பொனற் தகடு நல்ல இடம்.

ஏர்த் செய்யும் முறை

முதலில் ஏரியலின் தாங்கி. அது பூட்டப்படும் இடத்தில் பெயின்றையும் துருவையும் வெறும் உலோகம் பளபளக்கும்வரை சுரண்டவேண்டும். பவுடர் பெயின்ற் அடித்த பம்பர்களில் இது மிக முக்கியம். பார்ப்பதற்கு இரும்பு போலத் தெரிந்தாலும் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. போல்ற்றின் கீழ் பல் உள்ள நட்சத்திர வாசர் போட்டு இறுக்கினால், குலுக்கத்திலும் இணைப்பு தளராது. இறுக்கிய பிறகு கிறீஸ் பூசி, வெளியே பெயின்ற் அடித்து மூடவேண்டும். முதலில் பெயின்ற், பிறகு போல்ற் என்று செய்தால் வேலை வீண்.

இரண்டாவது, வாகனத்தின் உடற்பாகங்களை ஒன்றோடொன்று இணைத்தல். வாகனம் ஒரே இரும்புத் துண்டு அல்ல. ஹைலக்ஸ் போன்ற பிக்கப்பில் முன்பக்கக் கபினும் பின்பக்கத் தொட்டியும் தனித்தனியாகச் சேசியின் மேல் பூட்டப்பட்டவை; கபினுக்கும் சேசிக்கும் இடையில் றப்பர் தாங்கிகள் இருக்கின்றன. பொனற் பிணைச்சலில் தொங்குகிறது. பிணைச்சலில் கிறீசும் பெயின்றும் இருக்கும். எனவே பின்வரும் இடங்களில் செப்பு நாடா பூட்டவேண்டும்: ஏரியல் தாங்கிக்கும் சேசிக்கும் இடையில், கபினுக்கும் சேசிக்கும் இடையில், தொட்டிக்கும் கபினுக்கும் இடையில், பொனற்றின் இரண்டு பிணைச்சல்களிலும், என்ஜினுக்கும் சேசிக்கும் இடையில்.

புகைக்குழாயையும் மறக்கக்கூடாது. அது றப்பரில் தொங்குவதால், என்ஜினின் மின் இரைச்சலை ஒரு ஏரியல் போலவே வெளியே விடும். நடுவிலும் பின்னிலும் நாடாவால் சேசியோடு இணைத்தால் இரைச்சல் குறையும். டீசல் என்ஜினில் தீப்பொறிப் பிளக் இல்லாததால் அங்கே இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

மூன்றாவது, துரு. முல்லைத்தீவு, மன்னார், பருத்தித்துறை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளைச் சீக்கிரமே தின்றுவிடும். வெறும் செம்பு அலுமினியத்தில் நேரடியாகப் பட்டால் அலுமினியம் அரிக்கும். அதனால் வெள்ளீயம் பூசிய செப்பு நாடாவையும் துருப்பிடிக்காத உருக்கு வாசரையும் பாவிப்பது நல்லது. மாரி தொடங்க முன் ஒரு தடவையும் முடிந்த பின் ஒரு தடவையும் எல்லா இணைப்புகளையும் கழற்றிப் பார்த்து இறுக்கவேண்டும்.

ஏரியல் வயரிலும் கவனம் தேவை. தொலைக்காட்சிக்குப் பாவிக்கும் வயர் 75 ஓம். வானொலி செற்றுக்குத் தேவை 50 ஓம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வயரைக் கதவு இடுக்கில் நசியவிடக்கூடாது. வெளி இணைப்பில் மழைநீர் உள்ளே போனால் வெளிப்பின்னல் கறுத்துவிடும். அந்த வயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இணைப்புக்கு மேல் தானே ஒட்டிப்பிடிக்கும் றப்பர் ரேப் சுற்றுவதும், இணைப்புக்கு முன் வயரைச் சற்றுத் தாழ வளைத்து விடுவதும் நீர் வழிந்து உள்ளே போகாமல் தடுக்கும்.

செற்றுக்கு மின்சாரம்

100 வாற்று சிற்றலை செற் ஒன்று அனுப்பும்போது ஏறக்குறைய 20 அம்பியர் இழுக்கும். சிகரெற் லைற்றர் துளையில் இருந்து அதைக் கொடுக்க முடியாது. நேரே பற்றறியில் இருந்து தனி வயர் இழுக்கவேண்டும். பற்றறிக்கும் செற்றுக்கும் இடையில் 4 மீற்றர் தூரம் என்றால் போக, வர 8 மீற்றர் வயர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 1 வோல்ற்றுக்கு மேல் இழப்பு ஏற்படும். 6 சதுர மில்லிமீற்றர் வயரில் அது அரை வோல்ற்றுக்குக் கீழே வந்துவிடும். கதைக்கத் தொடங்கியதும் செற் தானாக நின்றுவிட்டால், காரணம் பெரும்பாலும் மெல்லிய வயர்.

பியூஸ் செற்றுக்குப் பக்கத்தில் அல்ல, பற்றறிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். வயர் எங்காவது தேய்ந்து சேசியில் பட்டால், பற்றறிப் பக்கத்தில் பியூஸ் இல்லாத வாகனம் தீப்பிடிக்கும். தகட்டுத் துளையால் வயர் போகும் இடத்தில் றப்பர் வளையம் போடவேண்டும். பல லொறிகளில் மின்சாரம் 24 வோல்ற். 12 வோல்ற் செற்றை ஒரே ஒரு பற்றறியில் மட்டும் தட்டிக் கொடுத்தால் அந்தப் பற்றறி சீக்கிரம் பழுதாகும். அதற்குரிய மாற்றியைப் பாவிக்கவேண்டும்.

அளந்து பார்த்தல்

வேலை முடிந்ததும் செற்றுக்கும் ஏரியல் வயருக்கும் இடையில் எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றரைப் பூட்டி அளக்கவேண்டும். 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி 4 வீதம். 2 என்றால் 11 வீதம். 3 என்றால் 25 வீதம். 2க்குக் கீழே இருந்தால் வேலை செய்யலாம். 3க்கு மேல் இருந்தால் அனுப்பக்கூடாது, செற் பழுதாகலாம். நீங்கள் பாவிக்கும் மீடிறன் எல்லையின் கீழ் முனை, நடு, மேல் முனை என மூன்று இடத்தில் அளவுங்கள். கீழ் முனையில் அளவு நன்றாக இருந்தால் ஏரியல் நீளம் கூடிவிட்டது. சில மில்லிமீற்றராக வெட்டலாம். மேல் முனையில் நன்றாக இருந்தால் நீளம் போதாது.

ஏர்த் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒருவர் குறைந்த சக்தியில் அனுப்ப, இன்னொருவர் மீற்றரைப் பார்க்க, கதவுகளையும் பொனற்றையும் திறந்து மூடுங்கள். செற்றின் பெட்டியையும் ஏரியல் வயரின் வெளியுறையையும் கையால் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மீற்றர் முள் அசைந்தால், மின்னோட்டம் ஓடக்கூடாத வழியால் ஓடுகிறது என்று அர்த்தம். ஏர்த் இன்னும் சரியில்லை.

ஒரு எச்சரிக்கை. சிற்றலையில் குட்டை ஏரியல் ஒன்று, வேறு பொருத்தும் சுற்று எதுவும் இல்லாமலே எல்லா இடத்திலும் 1 என்று அழகாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். மோசமான ஏர்த்தின் தடை சேர்ந்து 50 ஓமுக்குக் கிட்ட வந்திருக்கலாம். மீற்றர் சந்தோசப்படும். ஆனால் சக்தி துருவைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். நல்ல மீற்றர் அளவு மட்டும் நல்ல ஏரியலுக்குச் சாட்சி அல்ல. தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கிறதா என்பதே கடைசிச் சாட்சி.

ஏன் ஏரியலை வளைத்துக் கட்டினார்கள்?

சிற்றலை வானத்தில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள மின்னேற்றப்பட்ட படையில் பட்டுக் கீழே திரும்புகிறது. நிமிர்ந்து நிற்கும் ஏரியல் அலையைத் தாழ்வாக, அடிவானத்தை நோக்கி அனுப்பும். அந்த அலை மிகத் தூரத்தில்தான் இறங்கும். நிலத்தோடு போகும் அலையோ சில பத்துக் கிலோமீற்றரில் மங்கிவிடும். நடுவில் ஒரு செவிட்டு வலயம் உருவாகும். கிளிநொச்சியில் இருந்து ஐரோப்பாவுக்குக் கேட்கும், வவுனியாவுக்குக் கேட்காது.

இலங்கை முழுவதும் வடக்கிருந்து தெற்காக ஏறக்குறைய 430 கிலோமீற்றர். இவ்வளவு தூரத்துக்குள் கதைக்க, அலையை நேர் மேலே அனுப்பி, மழை போலச் சுற்றிவர விழச் செய்யவேண்டும். ஏரியலை வளைத்து நிலத்துக்குச் சமாந்தரமாக்கினால் மேலே போகும் பங்கு கூடும். ஓடும்போது கிளைகளிலும் மின்கம்பிகளிலும் படாமல் இருக்கவே அதை வளைத்துக் கட்டுகிறார்கள் என்றாலும், கிட்டிய தூரத் தொடர்புக்கும் அது உதவும். இதற்குப் பொருத்தமானது 3 முதல் 8 மெகா ஹேட்ஸ் வரை. பகலில் மேற்பகுதி, இரவில் கீழ்ப்பகுதி.

வாகனம் ஒரே இடத்தில் பல மணிநேரம் நிற்கப்போகிறது என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. 7 மெகா ஹேட்ஸுக்கு இரு பக்கமும் தலா 10 மீற்றர் செப்புக் கம்பியை, நடுவில் ஏரியல் வயரை இணைத்து, இரண்டு பனைகளுக்கு இடையில் 4, 5 மீற்றர் உயரத்தில் கட்டுங்கள். இதற்கு வாகனத்தின் ஏர்த் தேவையில்லை. மற்றப் பாதி அதிலேயே இருக்கிறது. பம்பர் ஏரியலைவிட இது பல மடங்கு நன்றாக வேலை செய்யும். வெள்ளநிவாரண முகாம் ஒன்றுக்கு இதைவிட மலிவான தொடர்பு வசதி கிடையாது.

உயிராபத்துகள்

முதலாவது மின்கம்பி. பம்பரில் நிமிர்ந்த ஏரியல் நிலத்திலிருந்து 3 மீற்றருக்கு மேல் நிற்கும். வீடுகளுக்கு இழுத்த தாழ்ந்த கம்பிகளில் பட்டால் மின்சாரம் வாகனத்துக்குள் வரும். ஓடும்போது வளைத்துக் கட்டவேண்டும். கம்பி ஏரியலை ஒருபோதும் மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ கட்டக்கூடாது.

இரண்டாவது இடி மின்னல். சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் மாலை இடி தொடங்கியதும் செற்றை நிறுத்தி ஏரியல் வயரைக் கழற்றிவிடவேண்டும்.

மூன்றாவது, அனுப்பும்போது ஏரியலைத் தொட்டால் தோல் சுடும். பிள்ளைகள் வாகனத்தைச் சுற்றி நிற்கும்போது அனுப்பக்கூடாது.

நான்காவது எங்கள் மண்ணுக்கே உரியது. மின்சாரத்தால் வெடிக்கவைக்கும் வெடிதூண்டிகள் வானொலி அலையின் சக்தியாலும் தூண்டப்படலாம். அதனால்தான் கண்ணிவெடி அகற்றும் தளங்களில் அவற்றுக்குக் கிட்ட செற்றில் கதைக்கத் தடை இருக்கிறது. காட்டில் வெடிபொருள் எதையேனும் கண்டால், அதன் பக்கத்தில் நின்று செற்றிலோ தொலைபேசியிலோ அறிவிக்கவேண்டாம். வந்த தடத்தாலேயே திரும்பி, தூரம் போய்ச் சொல்லுங்கள்.

அனுமதிப்பத்திரம்

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலி அனுப்பும் கருவியை வைத்திருப்பதும் பாவிப்பதும் குற்றம். அனுமதி வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. வடக்கு கிழக்கில் இதை இலேசாக எடுக்கக்கூடாது. ஒரு வோக்கி செற் வைத்திருந்ததே ஒருவரின் வாழ்க்கையைப் புரட்டிப்போடப் போதுமாக இருந்த காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. அனுமதிப்பத்திரத்தின் பிரதி எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும்.

நிறுவனங்களுக்குத் தனி மீடிறனும் அனுமதியும் ஒதுக்கப்படும். தனிநபர்களுக்கு ஒரு வழி, ஆர்வலர் வானொலி. ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு அனுமதி பெறலாம். வியாபாரத்துக்கு அதைப் பாவிக்க முடியாது. ஆனால் அனர்த்த காலத்தில் உதவுவது அந்த அனுமதியின் முக்கிய பயன்களில் ஒன்று. பரீட்சையில் கேட்கப்படுபவை மீடிறன், அலைநீளம், தடை போன்ற, க.பொ.த. சாதாரண தரத்தோடு நெருங்கிய விடயங்கள்தான். எங்கள் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் நினைத்தால் மாணவர்களை அதற்குத் தயார்படுத்தலாம்.

அடுத்த வெள்ளத்திலோ புயலிலோ கோபுரங்கள் சாயும்போது, எந்த ஊரில் அனுமதி பெற்ற செற் இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் யார், வாகனம் எது என்று பிரதேச செயலகத்துக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அந்த வாகனத்தின் ஏர்த் இணைப்புகளை மழை தொடங்குமுன் ஒருவர் குனிந்து பார்த்திருக்கவேண்டும்.